வேண்டும்போது மட்டும்

மருந்துச் சீட்டிலே வைத்தியர்கள் எழுதும் எழுத்தைப் படிப்பது, கல்வெட்டுப் படிப்பதைப் போல ஒரு தனிச் சாஸ்திரம். அந்தச் சாஸ்திரத்தில் நமக்குப் பயிற்சி போதாது. ஆயினும் நம்முடைய சீட்டின் இரண்டாவது வரியின் முடிவில் இருந்த மூன்று ஆங்கில எழுத்துக்கள் மட்டும் தெளிவாகவே விளங்கின: எஸ். ஓ. எஸ். நடுக்கடலில் ஆபத்தில் சிக்கிய கப்பல் அனுப்பும் அபயக் குரலுக்கும் அதுதான் பெயர். "நம் நிலைமையை டாக்டர் இவ்வளவு சரியாகக் கண்டுகொண்டாரே!" என்று ஒரு கணம் வியந்தோம். பிறகு விசாரித்ததில், அது கப்பல் சமாசாரம் அல்லவென்றும், லத்தீன் மொழியில் 'தேவை ஏற்பட்டால்' என்று பொருள்படும் மூன்று சொற்களின் முதல் எழுத்துக்கள் என்றும் தெரிந்தது. மருந்துக் கடைக்காரர் அதைத் தமிழாக்கி, உறையின்மேல் 'வேண்டும்போது மட்டும்' என்று எழுதிக் கொடுத்தார்.

இரண்டே சொற்கள். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் யாருக்கு வேண்டும்போது? வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார்? எவ்வளவு வேண்டும்? இந்தக் கேள்விகளை அன்றைக்கே கேட்டிருந்தால், இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்திராது. நம் தாயாரின் வலது மணிக்கட்டும் முறிந்திராது.

வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டி நமது ஊர். தலை நிமிர்ந்தால் சதுரகிரி மலை. குனிந்தால் நெல்லும் தென்னையும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தாணிப்பாறை வழியாக மலையேறப் போகும் ஜனங்களைப் பார்த்துக்கொண்டே நாம் வளர்ந்தோம். இப்படிப்பட்ட ஊரிலே இருப்பவருக்கு மன நிம்மதிக்கு என்ன குறைவு என்று வெளியூர்க்காரர்கள் எண்ணுவார்கள். நாமுமே அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் காலையில் பத்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கையில், காரணம் ஒன்றும் இல்லாமல் மார்பு படபடத்தது, உள்ளங்கை வியர்த்தது, மூச்சு அடைத்தது. 'இதோ உயிர் போகிறது' என்ற நிச்சயம் பிறந்தது. உயிர் போகவில்லை. ஹிருதயத்தைப் படம் எடுத்துப் பார்த்ததில் அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அந்தப் பீதி மறுவாரம் மறுபடியும் வந்தது. பிறகு வாரம் இரு முறை வந்தது. தூக்கம் போயிற்று; சாப்பாடு ருசிக்கவில்லை; பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே மனம் கூசியது.

கடைசியில் மதுரைக்குச் சென்று ஒரு மனோவைத்தியரைக் கண்டோம். வீட்டிலே என்ன சொல்லிவிட்டுப் போனோம் தெரியுமா? 'கண் பரிசோதனைக்கு' என்று. இது முதல் பொய்.

டாக்டர் இரண்டு மருந்துகள் எழுதினார். ஒன்று எஸ்ஸிடலோப்ராம் 10 மில்லிகிராம், தினந்தோறும் காலையில். மற்றொன்று அல்ப்ராஸோலம் 0.25 மில்லிகிராம், அதுதான் வேண்டும்போது மட்டும். முதலாவது மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் மருந்து. அது பலன் தர 2 முதல் 4 வாரம், சிலருக்கு 6 வாரம்கூட ஆகும். ஆரம்ப நாட்களில் பதற்றம் சற்று அதிகமானாலும் ஆகலாம். அந்த இடைக்காலத்தைக் கடப்பதற்கே இரண்டாவது மாத்திரை. நம்மூர்ப் பாஷையிலே சொன்னால், கண்மாய் நிரம்பி மடை திறந்து பாய்வதற்கு நாளாகும். அதுவரையில் நாற்று வாடாமல் குடத்தில் மொண்டு ஊற்றுகிறோம். ஆனால் குடத்தை நம்பி யாரும் நெல் விளைவிப்பதில்லை. இந்தக் கடைசி வாக்கியம் நமக்குப் பின்னால்தான் விளங்கிற்று.

இரண்டையும் சேர்த்து உட்கொள்வது அபாயமா என்று கேட்டால், டாக்டரின் பார்வையில், சொன்ன அளவில், சொன்ன காலம்வரை உட்கொண்டால் பெரும்பாலோருக்கு இல்லை. உலகெங்கும் வைத்தியர்கள் இப்படிச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நம் தேசத்தில் எஸ்ஸிடலோப்ராமையும், அல்ப்ராஸோலத்தின் இனத்தைச் சேர்ந்த குளோனாஸெபாமையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்தே விற்கிறார்கள். அந்தக் கூட்டு மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள், தங்களுக்குள்ளே ஏற்கெனவே ஒரு பதற்ற மருந்து தினமும் போகிறது என்று அறியாமல், தனியாக இன்னொன்றையும் 'வேண்டும்போது' போட்டுக்கொள்வது உண்டு. உறையைத் திருப்பி, பெரிய எழுத்தில் உள்ள வியாபாரப் பெயரை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படித்தால் இந்த விபத்து நேராது.

மனச்சோர்வு மருந்துகள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஃப்ளுவாக்ஸமீன் என்ற மருந்து, அல்ப்ராஸோலத்தைக் கல்லீரல் சிதைத்து வெளியேற்றும் வேலையைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவை ஏறக்குறைய இரு மடங்காக்கிவிடும். ஃப்ளுவாக்ஸெட்டீனும் ஓரளவு அவ்வாறு செய்யும். எஸ்ஸிடலோப்ராமுக்கு அந்தக் குணம் குறைவு. ஆனால் அதனோடு ஹைட்ராக்ஸிஸீன் என்ற மற்றொரு பதற்ற மருந்தைச் சேர்த்தால், ஹிருதயத் துடிப்பின் கிரமம் கெட இடம் உண்டு. படபடப்பை அடக்கக் கொடுக்கும் ப்ரோப்ரனலால், ஆஸ்த்துமாக்காரருக்கு ஆகாது. ஆகையால் "என் சிநேகிதருக்கு ஒத்துக்கொண்டது" என்பது வைத்தியத்தில் சாட்சியம் ஆகாது.

இனி நம் கதைக்கு வருவோம். மாத்திரை அட்டையை அலமாரியில் அகராதிக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம். ஒரு நாள் தாயார் அதைப் பார்த்துவிட்டு, "இது என்னய்யா?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை அம்மா, தூக்கம் வருவதற்குச் சத்து மாத்திரை" என்றோம். இது இரண்டாவது பொய்.

நம் தாயாருக்கு எழுபது கடந்துவிட்டது. சர்க்கரை வியாதியும் உண்டு. பாதங்கள் இரவெல்லாம் தணலில் வைத்தாற்போல் எரிகின்றன என்று சொன்னதற்கு, வேறொரு டாக்டர் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையை 10 மில்லிகிராம் அளவில் இரவில் சாப்பிடக் கொடுத்திருந்தார். வீட்டிலே அதற்குப் பெயர் 'கால் எரிச்சல் மாத்திரை'. அது 1961-ஆம் வருஷத்தில் அமெரிக்காவிலே மனச்சோர்வு மருந்தாக அங்கீகாரம் பெற்றது என்பதும், நரம்பு வலிக்குக் குறைந்த அளவில் பயன்படுகிறது என்பதும், நன்றாகத் தூக்கம் வரச் செய்யும் என்பதும் நம் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஒரே கூரையின்கீழ் தாயும் மகனும் ஒரே ஜாதி மருந்தை வெவ்வேறு பெயரால் உட்கொண்டு வந்தோம்!

ஒரு சமயம் தாயாருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மகனைத் தூங்க வைத்த சத்து மாத்திரை தாயைத் தூங்க வைக்காதா என்று எண்ணி, அகராதிக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்துக் கால் எரிச்சல் மாத்திரையோடு விழுங்கினார். நன்றாகத் தூக்கம் வந்தது. மறுநாளும் அப்படியே. நாலாவது நாள் நடுநிசியில் கொல்லைப்புறம் போக எழுந்தவர், படியிலே கால் தடுமாறி விழுந்தார். சத்தம் கேட்டு நாங்கள் ஓடியபோது, வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர்போல் விழித்தார். நம்மைப் பார்த்து, பத்து வருஷத்துக்கு முன்னால் காலமான தகப்பனாரின் பெயரைச் சொல்லி அழைத்தார். அந்த நிமிஷத்தை நாம் மறக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். நம்மிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். எலும்பைப் பார்ப்பதற்கு முன்னால், "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், பாட்டி?" என்று கேட்டார். "சர்க்கரைக்கு ஒண்ணு, கால் எரிச்சலுக்கு ஒண்ணு, அப்புறம் மகனோட சத்து மாத்திரை ஒண்ணு" என்றார் தாயார். நம் இல்லாள் கையோடு கொண்டுவந்திருந்த பையிலிருந்து அட்டைகளை எடுத்து வைத்தாள். டாக்டர் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, அதிலே இருந்த சிவப்பு எச்சரிக்கையைக் காட்டி, "இதைச் சத்து மாத்திரை என்று சொன்னது யார்?" என்றார்.

வகுப்பிலே பதில் தெரியாமல் எழுந்து நிற்கும் பையனின் நிலைமை நமக்கு அன்றைக்கு முதல் முறையாகப் புரிந்தது. அங்கே நின்றபடியே, தாயாரும் இல்லாளும் கேட்க, எல்லாவற்றையும் சொன்னோம்: வகுப்பில் வந்த பீதியை, மதுரையை, கண் பரிசோதனையை. தாயார் வலியையும் மறந்து நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதைச் சொல்லவா இம்புட்டு வெக்கப்பட்டே, ஐயா?" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

அந்த டாக்டர் சொன்னதன் சாரம் இது. இரண்டும் மயக்கம் தரும் மருந்துகள். ஒன்றின் மயக்கத்தோடு மற்றொன்றின் மயக்கம் சேர்ந்துகொள்ளும். வயோதிகர்களின் உடம்பு மருந்தை மெதுவாகவே கழிக்கும். ஆதலால் இன்று போட்டதில் மிச்சம் இருக்கும்போதே நாளையது வந்து சேரும். அமிட்ரிப்டிலின் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தித் தலை சுற்றச் செய்யும். மணிக்கட்டோடு போயிற்று, இடுப்பெலும்பாக இருந்தால் எழுந்து நடப்பதே சந்தேகம் என்றார். வெட்கம் மேலிட்டு, "வீட்டுக்குப் போனதும் நம் மாத்திரைகளை எல்லாம் கிணற்றிலே எறிந்துவிடுகிறோம்" என்றோம். "அது இதைவிடப் பெரிய தவறு" என்று அவர் உடனே தடுத்தார். நாம் அல்ப்ராஸோலத்தை 'வேண்டும்போது' என்ற பேரிலே 6 வாரமாக அநேகமாகத் தினமும் விழுங்கி வந்தோம். அப்படிப் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் தூக்கமின்மையும் வரும், வலிப்பும் வரலாம். தினசரி மருந்தைச் சட்டென்று நிறுத்தினாலும் தலை சுற்றல், மின்சாரம் பாய்ந்தது போன்ற அதிர்வு முதலிய உபத்திரவங்கள் உண்டு. இரண்டையும் டாக்டரைக் கேட்டு, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

தினமும் எப்படிக் கிடைத்தது என்று வாசகர்கள் கேட்கலாம். பழைய உறையைக் காட்டியே வாங்கினோம். அல்ப்ராஸோலம் 2014 மார்ச்சு மாதம் முதல் 'எச்-1' என்ற அட்டவணையில் அடங்கியது. டாக்டரின் சீட்டு இல்லாமல் விற்கலாகாது. விற்றதற்குத் தனிப் பதிவேட்டில் டாக்டர், நோயாளி, மருந்து, அளவு எல்லாம் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. விற்றது கடைக்காரரின் பிழையானால், கேட்டு வாங்கியது உபாத்தியாயரின் பிழை.

பிறகு இல்லாளையும் அழைத்துக்கொண்டு மதுரை டாக்டரிடம் மறுபடியும் போனோம். அவர் கோபிக்கவில்லை. முன்பு நாம் கேட்காத கேள்விகளை இப்போது கேட்டோம். அப்போதுதான் நம்மைத் திடுக்கிட வைத்த ஒரு கணக்கைச் சொன்னார். பீதி என்பது பெரும்பாலும் 10 நிமிஷத்துக்குள் உச்சத்தை அடைந்து, பிறகு தானாகவே இறங்கத் தொடங்கும். மாத்திரையோ வயிற்றில் கரைந்து இரத்தத்தில் ஏறி வேலை செய்ய அரை மணிக்குமேல் ஆகும். அப்படியானால் மாத்திரை விழுங்கிய கால் மணியில் நாம் குணம் கண்டது எப்படி? வெள்ளம் வடிந்த பிறகு வந்து சேர்ந்த ஓடக்காரனுக்கு இத்தனை நாளும் கூலி கொடுத்து வந்தோம்! 'மாத்திரை இல்லாவிட்டால் செத்திருப்பேன்' என்று மனம் கற்றுக்கொண்டது. 'மாத்திரை இல்லாமலும் இது போய்விடும்' என்ற பாடத்தை அதற்கு நாம் கற்பிக்கவே இல்லை. ஆகவே அல்ப்ராஸோலத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே, மூச்சைச் சீராக்கிப் பீதி இறங்கும்வரை அதன் எதிரே அமர்ந்திருக்கும் பயிற்சியை ஒரு மனநல ஆலோசகரிடம் கற்றோம். பிரிட்டனில் இந்த இன மருந்துகளை 2 முதல் 4 வாரத்துக்குமேல் கொடுக்க வேண்டாம் என்று 1988-லேயே வைத்தியர்களுக்கு அறிவுரை கூறினார்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம், இவை அடிமைப்படுத்தக்கூடியவை என்ற கடுமையான எச்சரிக்கையை 2020-இல் மருந்து விவரக் குறிப்பிலேயே சேர்க்கச் செய்தது.

இன்னும் ஒரு விஷயம். தினசரி மருந்தோடு ஆகாத வேறு மருந்து சேரும்போது உண்டாகும் கோளாறும் பதற்றத்தைப் போலவே தோற்றமளிக்கும்: நடுக்கம், வியர்வை, அமைதியின்மை, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். அதைப் பதற்றம் என்று எண்ணி 'வேண்டும்போது' மாத்திரையைப் போட்டுப் படுத்துவிட்டால், உயிருக்கே ஆபத்தாக முடியலாம். 1984-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் நியூயார்க் நகரில் லிபி ஸயன் என்ற 18 வயது மாணவி காய்ச்சலும் நடுக்கமுமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள். அவள் ஃபெனல்ஸீன் என்ற மனச்சோர்வு மருந்து சாப்பிட்டு வந்தவள். நடுக்கத்தை அடக்க அவளுக்குப் பெத்திடீன் ஊசி போட்டார்கள். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. மறுநாள் காலையில் அவள் இறந்துபோனாள். பயிற்சி டாக்டர்கள் ஓய்வின்றி வேலை செய்யும் வழக்கத்துக்கு நியூயார்க் மாகாணம் 1989-இல் வரம்பு விதித்ததற்கு அந்தப் பெண்ணின் மரணமே காரணம். ஃபெனல்ஸீன் இப்போது நம் பக்கம் அபூர்வம். ஆனால் நம்மூரில் வலிக்குத் தாராளமாக விழுங்கப்படும் டிராமடால், இக்காலத்து மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் அதே கோளாற்றையும் வலிப்பையும் உண்டாக்கக் கூடியது. அல்ப்ராஸோலத்தோடு சேர்ந்தால் மூச்சையே தாழ்த்திவிடும். சாராயமும் அப்படியே. சளிக்குக் குடிக்கும் தூக்க மருந்துகளும் மயக்கத்தைக் கூட்டும். தட்டி எழுப்பியும் எழாமல், மூச்சு மந்தமாக இருந்தால், காலை வரையில் பார்க்கலாம் என்று இராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

"இதெல்லாம் சீமை மருந்தினால் வந்த வினை, நம் மூலிகை இருக்க இது ஏன்?" என்று சில பெரியவர்கள் நம்மிடம் கேட்டார்கள். சதுரகிரியின் நிழலில் வாழும் நமக்கு மூலிகையின்மேல் மதிப்புக் குறைவில்லை. 1931-இல் கல்கத்தாவில் கணநாத சேனரும் கார்த்திக் சந்திர போஸும் சர்ப்பகந்தா வேரைச் சித்தப்பிரமைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்தென்று எழுதினார்கள். பம்பாய் டாக்டர் வக்கீல் 1949-இல் அதன் குணத்தை இங்கிலாந்து வைத்தியப் பத்திரிகையில் நிலைநாட்டினார். 1952-இல் ஸ்விட்ஸர்லாந்தில் அதன் சத்தைப் பிரித்து ரெஸர்ப்பின் என்று பெயரிட்டார்கள். உலகத்து மனோவைத்தியத்துக்கே நம் தேசத்து வேர் ஒன்று வழிகாட்டியது என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் அதே ரெஸர்ப்பினை உட்கொண்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வு வந்ததாக வைத்தியர்கள் எச்சரித்ததையும் மறைக்கக்கூடாது. வேலை செய்யும் பொருள் எதுவானாலும், அது மலையில் முளைத்தாலும் ஆலையில் முளைத்தாலும், மற்றொன்றோடு மோதக்கூடியதுதான். கஷாயமும் லேகியமும்கூட டாக்டரின் காதில் விழ வேண்டும்.

இத்தனைக்கும் மூலகாரணம் எது என்று பலநாள் யோசித்தோம். மருந்து அல்ல, மறைப்புத்தான். மனத்தில் வரும் நோயைக் குடும்பத்தின் களங்கம் என்று நினைக்கிற பழக்கம் இந்தத் தேசத்தில் வெகு பேரைப் பலி கொண்டிருக்கிறது. 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ஆம் தேதி, பக்கத்து ராமநாதபுரம் ஜில்லாவின் ஏர்வாடியிலே, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். அது இரும்புச் சங்கிலி. படித்தவர் வீட்டில் அகராதிக்குப் பின்னால் ஒளிந்திருப்பது வேறு வகைச் சங்கிலி. 2017-ஆம் வருஷத்துச் சட்டம், மனநோய்க்குச் சிகிச்சை பெறுவதைப் பிரஜைகளின் உரிமை என்று சொல்லுகிறது. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற எண்ணில் காசு செலவின்றி எந்நேரமும் ஆலோசனை கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். உரிமையும் வசதியும் வந்துவிட்டன. வாய் திறந்து சொல்லும் தைரியத்தை மட்டும் சர்க்கார் தர முடியாது.

இப்போது நம் வீட்டுச் சமையலறையில், தினசரிக் காலண்டருக்குப் பக்கத்திலே ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. யார் யார் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள், எதற்கு, எந்த வேளை, எந்த டாக்டர் கொடுத்தது என்று அதில் எழுதியிருக்கிறது. நம் வரிசையில் 'வேண்டும்போது மட்டும்' என்ற சொற்களை அடித்துவிட்டு, டாக்டர் சொன்னதை எழுதினோம்: 'நாளுக்கு 1-க்கு மேல் இல்லை, வாரத்தில் 2 நாளுக்கு மேல் இல்லை, போட்ட அன்று மோட்டார் சைக்கிள் இல்லை, தேதியையும் காரணத்தையும் நோட்டில் எழுதுக, வேறு யாருக்கும் கிடையாது.' பிறகு அந்த வரியையும் அடிக்கும் காலம் வந்தது. தினசரி மருந்து மட்டும் தொடர்கிறது. குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் சாப்பிட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு.

தாயாரின் கை கூடிவிட்டது. மழைக்காலத்தில் மட்டும் வலிக்கிறது. தெருவில் யாராவது வந்து, "மகனுக்கு உடம்புக்கு என்ன?" என்று விசாரித்தால், முன்போல நாம் பதில் தேட வேண்டிய அவசியமில்லை. அவரே சொல்லிவிடுகிறார்: "மனசுக்குக் கொஞ்சம் சொகமில்லாம இருந்துச்சு. மதுரை டாக்டர்கிட்ட பாக்குறான். இப்போ தேவலை." கேட்டவர்களில் இரண்டு பேர், சிறிது நேரம் தயங்கி நின்றுவிட்டு, அந்த டாக்டரின் விலாசத்தைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.